மலைக்காட்டு மண்ணின் இயல்பு

சமவெளியிலே பிறந்து வளர்ந்த தமிழருக்கு மண்ணை இனங்கண்டு பேசுதல் புதிதன்று. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், காவிரிக் கரையின் வண்டல், புதுக்கோட்டைச் செம்மண், திருச்செந்தூரை அடுத்த தேரி மணல் என்று ஊருக்கு ஊர் மண்ணுக்குப் பெயர் உண்டு. எந்த மண்ணில் எது விளையும், எது எத்தனை நாள் ஈரம் தாங்கும், எதன்மேல் வீடு கட்டினால் சுவர் வெடிக்கும் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் சென்றறியாத உழவரும் அறிந்த செய்திகளே. பாட்டன் சொல்லக் கேட்டும், தந்தை செய்யக் கண்டும் வந்த அறிவு அது.

ஆனால் பிழைப்பை நாடி மலையேறிய தமிழருக்கு அந்த அறிவு துணைவரவில்லை. மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, வயநாடு, குடகு ஆகிய இடங்களின் தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். அவர்கள் காலின் கீழே இருப்பது கரிசலுமன்று, வண்டலுமன்று. முற்றிலும் வேறான ஒரு மண். அதைக் கொத்தினார்கள், அதில் நாற்று நட்டார்கள், அதன் மேலேயே குடியிருந்தார்கள். அதன் குணத்தை மட்டும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் அரிதாகவே இருந்தனர்.

இதனை அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு பெயர்ந்து தொழிலாளர் லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். கரிசல் பூமியை விட்டு மலைமண்ணுக்குச் சென்றவர்களின் வழிவந்தவர்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பொழுது விடியுமுன், வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களைச் சேறும் பாறையும் கலந்த வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. அதில் இறந்தோர் 250க்கும் மேற்பட்டவர். மலைக்காட்டு மண் எத்தகையது, அது எவ்வாறு வாழ்வளிக்கிறது, எந்நிலையில் அதே மண் பகையாகிறது என்பனவற்றை ஓரளவு விளக்குவதே நம் நோக்கம்.

இந்திய நாட்டின் மண் வகைகளைப் பகுத்துள்ள அறிஞர், வண்டல், கரிசல், செம்மண், செம்புறை மண் முதலியவற்றோடு காட்டு மண்ணையும் மலை மண்ணையும் சேர்த்துத் தனியொரு பிரிவாக வைத்திருக்கின்றனர். இப்பிரிவு மிகவும் பரந்தது. இமயத்தின் நடுச்சரிவுகளில் கருவாலி மரக் காடுகளின் அடியில் காணப்படும் பழுப்பு மண்ணும் இதில் அடங்கும். ஊசியிலை மரங்களின் அடியில் உள்ள, அமிலம் மிகுந்த, வெளிறிய மண்ணும் இதில் அடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் உள்ள கருஞ்செம்மண்ணும் இதில் அடங்கும். பெயர் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று. ஆதலின், தமிழர் மிகுதியாகக் குடியேறியுள்ள கேரள மலைநாட்டின் மண்ணையே நாம் இங்கு எடுத்துக்கொள்வோம்.

கேரளத்தின் மண் ஆய்வாளர் இதனைக் ‘காட்டு லோம்’ என்று வழங்குவர். அரசு அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியிலுள்ள நம்மைப் போன்றோர், ‘லோம்’ என்னும் சொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொல்லை அகராதிகளில் தேடி அலைவதுண்டு. உழவரிடமோ அச்சொல் முன்னமே இருக்கிறது. மணலும் களியும் ஒன்றையொன்று விஞ்சாமல் கலந்து கிடக்கும் நிலத்தை அவர்கள் ‘இருமண்பாடு’ என்பார்கள். மலைக்காட்டு மண் அத்தகைய இருமண்பாட்டு மண்ணே. ஆனால் அதில் மணலும் களியும் மட்டுமன்றி மூன்றாவதாக ஒரு பொருளும் பெருமளவில் கலந்திருக்கிறது. அது இலைமக்கு. அம்மூன்றாவது பொருளே இந்த மண்ணின் உயிர்நிலை.

இம்மண்ணின் தாய் பாறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி, நைஸ் என்னும் வரிப்பாறையாலும் சார்னோக்கைட்டு என்னும் கரும்பாறையாலும் ஆனது. சார்னோக்கைட்டு என்ற பெயரின் வரலாறு சுவையானது. கொல்கத்தாவின் தொடக்க வரலாற்றோடு தொடர்புடைய ஜாப் சார்னாக்கு என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்னும் புவியியலறிஞர், அக்கல்லின் வகைக்கு அவர் பெயரையே 1893இல் சூட்டினார். அக்கல்லோ வங்கத்துக் கல்லன்று. சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றிலிருந்து சென்றது. பல்லாவரத்துக் குன்றும், நீலகிரியும், இடுக்கியின் ஏலமலையும் பாறை வகையால் உறவுடையன. உலகின் மிகப் பழைய பாறைகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை இவை.

பாறை ஒன்றாயினும், பல்லாவரத்தில் மொட்டைக் குன்றாகவும், மூணாற்றில் ஆழமான மண்ணாகவும் அது காட்சியளிப்பதன் காரணம் மழை. தென்மேற்குப் பருவக்காற்று மோதும் இம்மலைகளில் ஆண்டுதோறும் பல மாதங்கள் மழை பெய்கிறது. மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்குகிறது. அந்நீரில் கலந்துள்ள மென்மையான அமிலம் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரையக்கூடிய சுண்ணாம்பு, சாம்பர்ச் சத்து முதலியவை ஓடைகளோடு போய்விடுகின்றன. கரையாத இரும்பும் அலுமினியமும், அவற்றோடு வெண்களியும் எஞ்சுகின்றன. இரும்பு துருவேறிச் செந்நிறம் தருகிறது. மலையை வெட்டிச் சாலை போட்ட இடங்களில் செக்கச்செவேலெனத் தெரியும் சுவர் இதுவே.

அவ்வாறு வெட்டப்பட்ட ஒரு சாலையோரச் சுவர், இம்மண்ணின் அமைப்பை அறிய ஏற்ற பாடநூல். மேலிருந்து கீழாக அதனைப் படிக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலே சருகு. பாதி மக்கிய இலை, சுள்ளி, பூ, காய் ஆகியவற்றின் மெத்தை. அதன் கீழே கருமையான மேல்மண். கையில் எடுத்தால் பொலபொலவென உதிரும், ஈரமாயிருக்கும், மழை பெய்த மறுநாள் எழும் இனிய வாசனை இதனுடையது. நுண்ணிய வேர்களும், மண்புழுக்களும், பூசண இழைகளும் நிறைந்து கிடக்கும் அடுக்கு இது. இதன் கீழே செம்பழுப்பு மண். இங்குக் களி கூடுதல், வேர் குறைவு. அதன் கீழே மஞ்சளும் செம்மையும் வெண்மையும் கலந்த, பாறை போலத் தோன்றினும் விரலால் கீறினால் உதிரும் மக்கிய பாறை. இடையிடையே உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். எல்லாவற்றிற்கும் அடியில் கெட்டிப்பாறை.

இவ்வடுக்குகளின் ஆழம் எங்கும் ஒரே அளவினதன்று. செங்குத்தான முகட்டில் மேல்மண் ஒரு சாண்கூட இராது. பாறை வெளியே தெரியும். மாறாக, இரு முகடுகளின் நடுவே கை குவித்தாற்போன்று அமைந்த மடிப்புகளில், மேலிருந்து நூறாயிரம் மழைகள் கொண்டுவந்து சேர்த்த மண்ணும் கல்லும் பல மீட்டர் ஆழத்துக்குக் குவிந்திருக்கும். மழைக்காலத்தில் ஓடைகள் பிறப்பதும் இம்மடிப்புகளிலேதான். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு நாம் மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

இனி, இம்மண்ணின் வளத்தைக் காண்போம். கறுத்த மண்ணையும் அதன்மேல் வானளாவிய மரங்களையும் கண்டவர், இதைப்போல வளமான மண் வேறில்லை என்றே எண்ணுவர். அது பாதி உண்மை. கரிசல் மண்ணிலுள்ள களி, ஈரம் பட்டால் உப்பி, பயிருக்கு வேண்டிய சத்துகளைப் பற்றி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. மலைமண்ணிலுள்ள வெண்களிக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. அடிக்கும் மழையில் சத்துகள் அடித்துச் செல்லப்படும்போது அது தடுத்து நிறுத்துவதில்லை. எனவேதான் இம்மண் பொதுவாக அமிலத் தன்மை கொண்டிருக்கிறது. அமிலமும் காரமுமற்ற நடுநிலையை 7 என்று கொண்டால், கேரளக் காட்டு மண் பெரும்பாலும் 5.5 முதல் 6.3 வரை இருக்கும். மழை மிக்க இடங்களில் இன்னும் குறையும். தேயிலைச் செடி அமில மண்ணை விரும்புவது; 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணே அதற்கு ஏற்றது. மலைநாட்டில் தேயிலை வேரூன்றியதற்கு இம்மண்ணின் அமிலமும் ஒரு காரணமாகும்.

களி செய்யாத வேலையை இங்கே இலைமக்கு செய்கிறது. சத்துகளைப் பற்றி நிறுத்துவதும், ஈரத்தைத் தாங்குவதும், மணலையும் களியையும் சிறுசிறு மணிகளாகக் கோத்து மண்ணுக்குக் காற்றோட்டம் தருவதும் அதுவே. அந்த மக்கோ பாறையிலிருந்து வந்ததன்று, காடு தந்தது. மரம் ஆழத்திலிருந்து சத்தை உறிஞ்சி இலைக்கு அனுப்புகிறது. இலை உதிர்ந்து சருகாகிறது. கறையானும் மண்புழுவும் பூசணமும் சருகை மக்காக்குகின்றன. மக்கிலிருந்து சத்து வெளிப்பட்ட உடனே, மேலாகப் பரவியிருக்கும் நுண்வேர்கள் மழை அடித்துக்கொண்டு போகுமுன் அதனை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. அன்றாடம் வரும் வரவு அன்றாடம் செலவாகும் குடும்பத்தைப் போன்றது இக்காடு. பெட்டியில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மரமே அதன் செல்வம். மண், அச்செல்வம் கைமாறும் இடம். மூணாற்றைப் போன்று உயர்ந்த, குளிர்ந்த இடங்களில் மக்குதல் மெல்ல நடைபெறுவதால் மேல்மண்ணில் கருமை மிகுதியாகச் சேர்ந்திருக்கும். தாழ்ந்த, வெப்பமான சரிவுகளில் அது விரைவில் கரைந்துவிடும்.

இவ்வுண்மையைப் பழங்குடி மக்கள் நூல்கள் இல்லாமலே அறிந்திருந்தனர். காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் தினை விதைக்கும் நிலத்துக்குத் தமிழில் ‘புனம்’ என்று பெயர். மலையாளத்திலும் அதற்குப் புனம் கிருஷி என்றே பெயர். வடகிழக்கு மாநிலங்களில் அது ஜூம். ஆந்திர, ஒடிசா மலைகளில் போடு. நாட்டின் நாற்புறமும் இம்முறையின் விதி ஒன்றே: இரண்டு, மூன்று ஆண்டுகள் விதைத்த பின்னர் அந்நிலத்தை விட்டுவிட்டு வேறிடம் செல்லவேண்டும். எரித்த மரங்களின் சாம்பல் தந்த சத்து அதற்குள் தீர்ந்துவிடும். மழை மிச்சத்தைக் கொண்டுபோய்விடும். காடு மீண்டும் வளர்ந்து மண்ணைப் புதுக்கும்வரை காத்திருத்தலே முறை. காத்திருக்கும் காலம் சுருங்கச் சுருங்க, மண் தேறுவதற்கு இடமில்லாமல் போயிற்று. சரிவில் ஓர் அங்குல மேல்மண் உருவாவதற்குப் பல நூறாண்டுகள் ஆகும். அது போவதற்கோ ஒரு மழைக்காலம் போதும்.

மண்ணின் வளத்தைவிட அது நீரோடு நடந்துகொள்ளும் முறையே நம் கவனத்துக்குரியது. காட்டு மண் நீரைக் குடிக்கும் மண். இலைகளிலும் கிளைகளிலும் தட்டி வேகம் தணிந்த மழை, சருகின் மேல் விழுகிறது. சருகின் அடியிலுள்ள மேல்மண்ணில் வேர் மக்கிய துளைகளும், மண்புழுக்கள் சென்ற வழிகளும் எண்ணிறந்தன. அவற்றின் வழியே நீர் உள்ளே இறங்குகிறது. அடர்ந்த காட்டில் பெருமழையின்போதும் தரையின் மேல் சேற்றுநீர் ஓடக் காண்பது அரிது. உள்ளிறங்கிய நீர் மண்ணிலும் மக்கிய பாறையிலும் தங்கி, மெல்லக் கசிந்து, கோடையிலும் ஊற்றாகச் சுரக்கிறது. வயநாட்டின் நீர் கபினியாகிக் காவிரியில் கலக்கிறது. மூணாற்றின் கிழக்குச் சரிவு நீர் பாம்பாறாகி அமராவதியை அடைகிறது. பெரியாற்றின் நீர் 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையின் வழியாக வைகைக்குத் திருப்பப்பட்டு, தேனி, மதுரை வயல்களை நனைக்கிறது. மலைக்காட்டு மண்ணைத் தம் கண்ணாலேயே காணாத உழவரும் அதன் தயவிலேயே பயிர் செய்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

நீரைக் குடிக்கும் இக்குணமே அளவு மீறும்போது ஆபத்தாகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 1 லிட்டர் நீர். 2024இல் வயநாட்டில் விபத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பெய்த மழை 572 மில்லிமீட்டர் என்று அரசு அறிவித்தது. அவ்வளவு மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஏறத்தாழ 23 லட்சம் லிட்டர் நீராகும். அதன் எடை 2,300 டன்னுக்கு மேல். அனைத்தும் மண்ணுக்குள் இறங்குவதில்லை எனினும், இறங்கும் பங்கே போதுமானது. அடியிலுள்ள கெட்டிப்பாறையைத் துளைத்து நீர் எளிதிற் செல்ல இயலாது. எனவே பாறைக்கும் மண்ணுக்கும் இடையே அது தேங்குகிறது. தேங்கிய நீர் மண்ணின் எடையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. மண்மணிகளை ஒன்றையொன்று விட்டு விலகுமாறு உள்ளிருந்து நெருக்குகிறது. அதுவரை மணிக்கு மணி பற்றிக்கொண்டிருந்த பிடி தளர்கிறது. ஒரு கணத்தில் முழுச் சரிவும் பிடி விட்டு, எண்ணெய் தடவிய பலகைமேல் வைத்த பொருளைப்போல வழுக்கி இறங்குகிறது.

மலையாள மொழியில் இதற்கு ‘உருள்பொட்டல்’ என்று பெயர். பொட்டல் என்றால் அங்கு வெடித்தல், உடைதல் என்று பொருள். நாம் தமிழில் மண்சரிவு என்னும்போது மெல்லச் சரியும் மண்தான் மனத்தில் தோன்றுகிறது. மலையாளச் சொல்லோ நிகழ்வதை நேர்படச் சொல்கிறது: உள்ளே அடைபட்ட நீர் மலையை உடைத்துக்கொண்டு, கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வருதல். அது தொடங்கும் இடம், முன்னர் நாம் சுட்டிய, மண் ஆழமாய்க் குவிந்த மடிப்புகளே. அங்கே பிறந்து, ஓடையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு, வழியிலுள்ளவற்றையெல்லாம் சேர்த்துப் பெருகி, பள்ளத்தாக்கில் வந்து பாய்கிறது. 2024இல் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கிய பெயர்ச்சி, சுமார் 8 கிலோமீட்டர் தொலைவு ஓடியது செயற்கைக்கோள் படங்களால் தெரியவந்தது. தொடங்கிய இடத்தைக் கண்ணாலும் கண்டிராதவர்களே அதற்குப் பெரிதும் இரையாயினர்.

காடு இருந்தால் இத்தகைய பெயர்ச்சி நிகழாதா என்ற கேள்வி இங்கு எழுகிறது. காடு பெரிதும் காக்கும். முற்றிலும் காக்கும் என்று சொல்வதற்கில்லை. பல உயரத்து மரங்களின் வேர்கள் பல ஆழங்களில் பின்னிக் கிடந்து மண்ணைத் தைத்து வைத்திருக்கின்றன. மரங்கள் நீரை உறிஞ்சி ஆவியாக வெளிவிட்டு மண்ணை உலர்த்துகின்றன. இவற்றால் ஆபத்தின் எல்லை தள்ளிப்போகிறது. ஆனால் வேர் எட்டாத ஆழத்தில் மண் குவிந்து, இரண்டு நாளில் அரை மீட்டருக்கு மேல் மழை கொட்டினால், காட்டுச் சரிவும் பெயரும். வயநாட்டிலும் பெயர்ச்சி தொடங்கிய இடம் மேலே காட்டுச் சரிவில்தான். ஆகவே, மேலே காடு இருக்கிறது என்று கீழே இருப்பவர் கவலையற்று உறங்குவதற்கில்லை.

காட்டை அகற்றிய சரிவின் நிலையோ இதனினும் மெலிந்தது. மரத்தை வெட்டிய அன்றே ஆபத்து வெளிப்படுவதில்லை. அடியிலுள்ள வேர்கள் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பின்னர் அவை மக்கத் தொடங்கி, பிடி தளர்கிறது. வெட்டியவரும் மறந்துவிட்ட பிறகு, வேர் இருந்த இடம் நீர் செல்லும் குழலாகிறது. மண்ணுக்குள்ளேயே நீர் சுரங்கம் பறித்துக்கொண்டு ஓடும் இத்தகைய குழல் அரிப்பினைத் திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையத்தார் கேரள மலைப்பகுதிகளில் ஆராய்ந்திருக்கின்றனர். மேலே நிலம் திடமாகத் தோன்றும். அடியிலோ கறையான் அரித்த மரம்போல் உள்ளீடற்றுக் கிடக்கும்.

தோட்டப் பயிர்களை இதன் பொருட்டு ஒட்டுமொத்தமாகக் குறை கூறுவதும் முறையன்று. நன்கு அடர்ந்த தேயிலை, குடை விரித்தாற்போல மண்ணை மழையின் அடியிலிருந்து காக்கிறது. ஏலமும், குடகின் காப்பியும் பெருமரங்களின் நிழலிலேயே வளர்வன. அங்கே காட்டின் மேற்கூரையும் வேரும் ஓரளவு எஞ்சியிருக்கின்றன. ஆனால் தேயிலைக் காட்டில் வேர்கள் பெரும்பாலும் ஒரே வகையின. ஏறத்தாழ ஒரே ஆழத்தின. இதைவிடக் கேடு விளைப்பன வேறு சில: சரிவின் அடிக்காலை வெட்டிச் சாலையும் கட்டடமும் அமைத்தல், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடையை வறண்ட காலத்தில் கண்டு, ஓடையன்று என்று எண்ணித் தூர்த்தல், அடிவாரத்தில் சமநிலமும் தண்ணீரும் கிடைக்கின்றன என்பதற்காக ஓடைக்கரையிலேயே குடியிருப்புகளை வரிசையாக எழுப்புதல். ஓடை வந்து சேரும் அச்சமநிலமும் பல இடங்களில் பழைய பெயர்ச்சிகள் கொண்டுவந்து பரப்பிய மண்ணேயாகும். நீர் ஒருமுறை வந்த வழி அது.

இத்தகைய நிகழ்ச்சிகள் இம்மலைகளுக்குப் புதியனவும் அல்ல. 1924ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருமழையில் மூணாற்றின் மலை ரயில்பாதை அழிந்தது. அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. 2018 ஆகஸ்டில் குடகிலும் கேரளத்திலும் பல சரிவுகள் பெயர்ந்தன. 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் வயநாட்டின் புத்துமலையில் 17 பேர் மறைந்தனர். முண்டக்கை அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. பனி மூடிய பகுதிகள் நீங்கலாக, நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலச்சரிவுக்கு இடமானது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கணித்திருக்கிறது. இமயத்தின் அடியில் வேலை செய்யும் தமிழருக்கும் எனவே இச்செய்தி பொருந்தும்.

மண் பெயர்வதற்கு முன் பெரும்பாலும் சில குறிகளைக் காட்டும். சரிவின் மேற்பகுதியில் நிலம் பிறைவடிவில் வெடித்தல். நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல். வீட்டுச் சுவரில் புது விரிசல் தோன்றுதல், கதவு நிலையில் இறுகி மூட இயலாது போதல். இதுவரை ஊற்றில்லாத இடத்தில் நீர் கசிதல், அல்லது வற்றாத ஊற்று திடீரென வற்றுதல் ஆகியவை அக்குறிகள். எல்லாவற்றினும் முக்கியமானது ஓடை. தெளிந்து ஓடிய ஓடை திடீரெனச் செந்நிறமாகக் கலங்கினாலும், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடையில் நீர் குறைந்தாலும், மேலே எங்கோ மண் பெயர்ந்து நீரை அடைத்திருக்கிறது என்று கொள்ளவேண்டும். நீர் குறைந்தது நல்லது என்று மகிழ்வது உயிருக்கே தீங்காகும். அந்நேரத்தில் பொருள்களைச் சேர்த்துக்கொண்டு நிற்றல் கூடாது. ஓடையை விட்டு விலகி, பக்கவாட்டிலுள்ள மேட்டுக்கு உடனே செல்லவேண்டும். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடுவது, வருவதன் எதிரிலேயே நிற்பதற்கு ஒப்பாகும்.

குறிகளே தோன்றாமலும் மண் பெயர்வதுண்டு. இரவில் தோன்றினாலோ காண்பார் இல்லை. ஆதலின் மழையின் அளவை அறிதல் அதனினும் நம்பத்தக்க வழி. வானிலைத் துறையினர் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதைக் கனமழை என்றும், 115.6 முதல் 204.4 வரை பெய்வதை மிகக் கனமழை என்றும், அதற்கு மேற்பட்டதை அதிகனமழை என்றும் வகுத்துள்ளனர். கேரளத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவிக்கப்படும் எச்சரிக்கைகள் முறையே இம்மூன்றையும் குறிக்கும். அறிவிப்பு மலையாளத்தில் வருகிறது என்று நம்மவர் அதனைச் செவிமடுக்காது விடலாகாது. நிறத்தின் பெயரையும் எண்ணையும் புரிந்துகொண்டால் போதும். பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகரக் குவளையைத் திறந்த வெளியில் வைத்து, அதில் சேர்ந்த நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தாலே அன்றைய மழை ஏறத்தாழ எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். இரண்டு, மூன்று நாட்கள் தொடர்ந்து பெய்து மண் நிறைந்திருக்கும் வேளையில், மேலும் ஒரு பெருமழை வருமென்று அறிவிக்கப்பட்டால், ஓடைக்கரைக் குடியிருப்பிலுள்ளவர்கள் பகலிலேயே இடம் பெயர்தல் அறிவுடைமை. பெட்டிமுடியிலும் முண்டக்கையிலும் மண் வந்தது இருளிலே என்பதை மறத்தலாகாது. மாவட்ட நிர்வாகத்தின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையைத் தொலைபேசியில் 1077 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. மழைநீரைக் குழி தோண்டி நிலத்துக்குள் இறக்குவது சமவெளியில் நற்செயல். நம் ஊரில் அது அறமாகவே கருதப்படும். ஆழமான மண்ணையுடைய செங்குத்துச் சரிவிலோ அது நேர்மாறான பயனைத் தரும். அங்கே நீரைத் தேக்குதல் அன்று, தடையின்றி வடிய விடுதலே வேண்டுவது. அடைபட்ட வடிகாலைத் திறத்தல், தூர்ந்த ஓடையை மீட்டல், வெட்டுண்ட சரிவில் நீர் கசிய இடமுள்ள தாங்குசுவர் எழுப்புதல், வெறுஞ்சரிவில் ஆழ வேரோடும் நாட்டு மரங்களை வளர்த்தல் ஆகியவை செய்யத்தக்கன. இவற்றுள் சில குடியிருப்போர் தாமே செய்யக்கூடியவை. பிறவற்றைத் தோட்ட நிர்வாகத்திடமும் பஞ்சாயத்திடமும் கேட்டுப் பெறவேண்டும். ஆபத்தான இடத்திலுள்ள லயங்களுக்கு மாற்றிடம் கேட்பதும் அவர்களுக்குரிய உரிமையே.

காடு உண்டாக்கிக் காடே தாங்கி நிற்கும் மெல்லிய போர்வையே இம்மண். தேயிலையும் ஏலமும் காப்பியும், கீழ்நாட்டு வயலுக்குத் தண்ணீரும் இப்போர்வையிலிருந்தே வருகின்றன. இதன்மேல் வாழ்வோர் இதன் மடிப்பும் ஓடையும் எங்கெங்கு உள்ளன என்பதைத் தம் வீட்டு அறைகளைப்போல் தெரிந்து வைத்திருத்தல் நலம். இடவப்பாதி என்று கேரளத்தார் வழங்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தில் வருகிறது. அதற்கு முன்னதாக, மே மாதத்தில் ஒருநாள், குடியிருப்பிலுள்ள பெரியவர்களும் இளைஞர்களும் சேர்ந்து, வீட்டுக்கு மேலேயுள்ள ஓடையின் வழியே இயன்ற தொலைவு நடந்து பார்க்கவேண்டும். வெடிப்பு உண்டா, அடைப்பு உண்டா, மழை வலுத்தால் எந்த மேட்டுக்குப் போவது, முதியோரை யார் தூக்கிச் செல்வது என்பனவற்றை அன்றே பேசி முடிவு செய்துவிடுதல் வேண்டும்.